விண்டோஸ் பழக்கம் லினக்ஸில் படுத்தும் பாடு: வைன், புரோட்டானில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற மறுக்கும் கம்ப்யூட்டரைத் தூக்கிப்போட மனம் வராதவர்கள் உபுண்டு, மின்ட் என்று லினக்ஸ் பக்கம் வருகிறார்கள். வந்த கையோடு அவர்கள் கேட்பது, பழைய சாஃப்ட்வேரும் கேமும் இதில் ஓடுமா என்றுதான். நிறையவே ஓடும். ஏதாவது மக்கர் செய்தால், விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் என்ற மென்பொருள் மீது பழி விழுகிறது. கிட்டப் போய்ப் பார்த்தால், விண்டோஸில் பழகிய கை அதே வேலையை இங்கேயும் செய்திருக்கும்: எதற்கெடுத்தாலும் இஎக்ஸ்இ ஃபைலைத் தேடுவது, அட்மினாக ஓட்டுவது, காணாமல் போன டிஎல்எல்லை (புரோகிராம்களுக்கு வேண்டிய துணை ஃபைல்) எங்கிருந்தாவது டவுன்லோடு செய்து போடுவது.

வைனுக்குள் விண்டோஸ் இருப்பதாக நினைப்பது

வைன் 1993-இல் தொடங்கிய திட்டம். அலெக்சாந்தர் ஜூலியார் 1994 முதல் அதை முன்நின்று நடத்துகிறார். 1.0 பதிப்பு வரவே 2008 ஆகிவிட்டது. 15 வருடம்! ஏன் இவ்வளவு காலம் என்றால், விண்டோஸ் புரோகிராம் ஒன்று "இந்த ஃபைலைத் திற", "இங்கே ஒரு பட்டன் வரை" என்று கேட்கும் ஆயிரக்கணக்கான கோரிக்கைகள் ஒவ்வொன்றுக்கும் லினக்ஸில் ஈடான வழியை உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது. வைன் செய்வது அதைத்தான். அது எமுலேட்டர் இல்லை, புராசஸரைப் போல நடிப்பதும் இல்லை. அதனால்தான் பல புரோகிராம்கள் விண்டோஸில் ஓடிய அதே வேகத்தில் இங்கேயும் ஓடுகின்றன.

ஆனால் ஹார்டுவேரோடு பேசும் மையப்பகுதியான விண்டோஸ் கர்னல் அங்கே கிடையாது. ஆகவே ஹார்டுவேரை நேராகத் தொடும் எதுவும் தகராறுதான். பிரிண்டரோடு வந்த சிடியை வைனில் ஓட்டி டிரைவர் போட முயல்வது வீண்வேலை. பிரிண்டரை லினக்ஸ் செட்டிங்ஸிலேயே சேர்த்துவிட்டால், வைனுக்குள் ஓடும் புரோகிராமிலும் அது தானாகத் தெரியும். யுஎஸ்பி டாங்கிள் செருகினால்தான் திறக்கும் சாஃப்ட்வேர், கைரேகை மிஷினோடு பேசும் சாஃப்ட்வேர் எல்லாவற்றுக்கும் வர்ச்சுவல் மிஷின் போட்டு அதற்குள் நிஜ விண்டோஸை ஏற்றுவதே நல்லது. மைக்ரோசாஃப்ட் 365, புதிய போட்டோஷாப் ஆகியவற்றை நம்பிப் பிழைப்பு நடத்துபவர்களுக்கும் இதையே சொல்வேன். அவற்றை வைனில் ஓட்ட வழி சொல்லும் வீடியோக்கள் ஏராளம். இன்றைக்கு ஓடியது அடுத்த அப்டேட்டில் நின்றுபோனால் வேலை கெடும்.

லினக்ஸிலேயே இருப்பதை வைனில் தேடுவது

குரோம், விஎல்சி, டெலிகிராம் ஆகியவற்றின் விண்டோஸ் செட்டப்பை வைனில் ஏற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றுக்கும் லினக்ஸ் பதிப்பு உண்டு. இதாவது போகட்டும், தமிழில் டைப் செய்கிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. என்எச்எம் ரைட்டர், அழகி, இ-கலப்பை என்று வருடக்கணக்கில் பழகியவர்கள் அதே செட்டப்பை வைனில் போடுகிறார்கள். இன்ஸ்டால் ஆனாலும் ஃபயர்ஃபாக்ஸில் போய்த் தட்டினால் ஆங்கிலம்தான் வரும். அந்த மென்பொருள்கள் விண்டோஸின் கீபோர்டு வழியில் குறுக்கே நின்று எழுத்தை மாற்றுபவை. வைனுக்கு வெளியே, லினக்ஸில் ஓடும் புரோகிராம்களின் கீபோர்டு அவற்றின் கைக்கு எட்டாது.

இதற்கு வைனே தேவையில்லை. லினக்ஸில் பல மொழிகளில் டைப் செய்ய உதவும் ஐபஸ்ஸும் அதற்கான எம்17என் பேக்கேஜும் போட்டால் தமிழ்99, ஃபொனெடிக், டைப்ரைட்டர் என எல்லா முறைகளும் கீபோர்டு பட்டியலில் வந்துவிடும். பாமினியில் அடித்த பழைய டாக்குமெண்ட்கள் இருந்தால் பாமினி எழுத்துரு ஃபைலை லினக்ஸிலேயே நிறுவினால் போதும், லிப்ரே ஆபீஸில் திறந்து படிக்கலாம். வைன் புரோகிராமுக்குள் யூனிகோடு தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். நோட்டோ அல்லது லோஹித் தமிழைப் போட்டுப் பாருங்கள்.

பழைய வைன், 32 பிட் இல்லாத வைன்

உபுண்டு 22.04-இல் கூடவே கிடைக்கும் வைன் 6.0.3. 24.04-இல் 9.0. வைன் திட்டமோ ஒவ்வொரு ஜனவரியிலும் புதிய நிலையான பதிப்பு விடுகிறது. 2025 ஜனவரியில் 10.0 வந்துவிட்டது. நேற்று வந்த புரோகிராமை நாலு வருடப் பழைய வைனில் போட்டுவிட்டு ஓடவில்லை என்று நொந்துகொள்ள வேண்டாம். வைன் திட்டமே நடத்தும் வைன்எச்க்யூ களஞ்சியத்தைச் சேர்த்துப் புதியதைப் போடுங்கள்.

இன்னொன்று, கட்டளைகளைத் தட்டும் டெர்மினலில் "வைன்32 காணவில்லை, நிறுவுங்கள்" என்ற பொருளில் ஒரு வரி வந்தால் அதைத் தாண்டிப் போகாதீர்கள். 64 பிட் சாஃப்ட்வேர் என்று எழுதியிருந்தாலும் அதன் இன்ஸ்டாலர் மட்டும் 32 பிட்டாக இருப்பது சர்வசாதாரணம். முதல்முறை வைன் திறக்கும்போது மோனோ, கெக்கோ இரண்டையும் நிறுவவா என்று கேட்கும். கேன்சல் அடிக்காதீர்கள். டாட் நெட்டை நம்பிய புரோகிராம்களுக்கு மோனோவும், பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் பாணிப் பக்கங்களைக் காட்ட கெக்கோவும் வேண்டும்.

சூடோ போட்டு ஓட்டுவது

விண்டோஸில் ஏதாவது திறக்கவில்லை என்றால் ரைட் கிளிக் செய்து "ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுப்போம். அதே கை இங்கே, அட்மின் அதிகாரத்தோடு ஓட்டும் சூடோ கட்டளையை அடிக்கிறது. இது வைனில் செய்யவே கூடாத வேலை. ஒருமுறை ரூட்டாக (லினக்ஸின் அட்மின் கணக்கு) ஓட்டினால் உங்கள் வைன் ஃபோல்டரின் ஃபைல்கள் ரூட் பெயருக்கு மாறிப்போகலாம். அப்புறம் சாதாரணமாக ஓட்டும்போது, "இந்த ஃபோல்டர் உங்களுக்குச் சொந்தமில்லை" என்று சொல்லி வைன் கதவைச் சாத்திவிடும். மாட்டியவர்கள் அந்த ஃபோல்டரின் உரிமையைத் தங்கள் பயனர் பெயருக்கு மாற்றிக்கொண்டால் சரியாகிவிடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. லினக்ஸில் வைரஸ் வராது என்ற தைரியத்தில் கிராக் செய்த சாஃப்ட்வேரை வைனில் ஓட்டுகிறார்கள். வைன் ஒரு பாதுகாப்புக் கூண்டு இல்லை. அது வழக்கமாகவே இஸட் என்றொரு டிரைவைக் காட்டும். அந்த டிரைவ் உங்கள் லினக்ஸ் முழுவதும்தான். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் ஒன்று வைனில் ஓடினால், இஸட் வழியாக உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருக்கும் குடும்பப் போட்டோ வரை கை வைக்கும். சூடோவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வைன் கான்ஃபிகரேஷனில் டிரைவ்ஸ் பகுதிக்குப் போய் இஸட்டை நீக்கலாம். அது கொஞ்சம் உதவும், ஆனால் முழுப் பாதுகாப்பு ஆகாது.

எல்லாவற்றையும் ஒரே பிரீஃபிக்ஸில் கொட்டுவது

என்னைக் கேட்டால் முதலில் திருத்திக்கொள்ள வேண்டியது இதைத்தான். பிரீஃபிக்ஸ் என்பது வைன் உருவாக்கும் ஒரு தனி சி டிரைவும் அதற்கான செட்டிங்ஸைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியும். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் எல்லாம் ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் புள்ளி வைன் என்ற ஒரே இடத்தில் போய் உட்காரும். முதல் புரோகிராம் ஓடும், இரண்டாவதும் ஓடும். மூன்றாவது ஒரு பழைய டாட் நெட்டைக் கேட்கும். வைனுக்குத் துணைக் கூறுகளை நிறுவித் தரும் வைன்ட்ரிக்ஸில் அதைப் போடுவீர்கள். அது வைனின் மோனோவை எடுத்துவிட்டுத்தான் உட்காரும். நேற்றுவரை மோனோவில் நன்றாக ஓடிய முதல் புரோகிராம் இன்று திறக்காது. யார் யாரைக் கெடுத்தார்கள் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

ஒரு புரோகிராமுக்கு ஒரு பிரீஃபிக்ஸ் என்று வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலி இல்லை. கெட்டுப்போனால் அந்த ஒன்றை மட்டும் அழித்து மறுபடி போடலாம். கையால் செய்யச் சோம்பலாக இருந்தால் பாட்டில்ஸ், லூட்ரிஸ் இரண்டில் ஒன்றைப் போடுங்கள். அவை பிரீஃபிக்ஸ்களைப் பிரித்துப் பராமரிக்கும். அழிப்பதற்கு முன் ஒன்று மட்டும் பாருங்கள்: கேம் சேவ், டாக்குமெண்ட் எல்லாம் அந்த சி டிரைவின் யூசர்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே இருக்கக்கூடும். காப்பி எடுத்துக்கொண்டு அழியுங்கள்.

வைன்ட்ரிக்ஸ் பட்டியலைத் திறந்து கண்ணில் பட்டதையெல்லாம் டிக் செய்வதும் இதே ரகம்தான். என்ன குறை என்று முதலில் பாருங்கள். டெர்மினலில் ஓட்டினால் வைன் வரிவரியாகக் கொட்டும். "ஃபிக்ஸ்மீ" என்று தொடங்கும் வரிகளைக் கண்டு பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அவை வைன் டெவலப்பர்கள் தங்களுக்கே எழுதிக்கொண்ட குறிப்புகள். "எர்" என்று தொடங்குபவற்றைத் தேடுங்கள். அதில் எம்எஸ்விசிபி140 என்ற டிஎல்எல் காணவில்லை என்று இருந்தால், வேண்டியது விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரன்டைம் ஒன்று மட்டுமே. அதை வைன்ட்ரிக்ஸ் மைக்ரோசாஃப்டிலிருந்தே இறக்கித் தரும். டிஎல்எல் ஃபைல்களை இலவசமாகத் தரும் தளங்களின் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். யார் எதைச் சேர்த்து அனுப்புகிறார்கள் என்று தெரியாது.

கேம் ஓட்டுகிறவர்களுக்கு

கேம்களை வாங்கி ஆடும் ஸ்டீமின் விண்டோஸ் பதிப்பை வைனில் போடாதீர்கள். லினக்ஸ் ஸ்டீமிலேயே புரோட்டான் இருக்கிறது. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்ட்டில் வெளியிட்ட இது, வைனோடு விண்டோஸின் கிராஃபிக்ஸ் முறையான டைரக்ட்எக்ஸை லினக்ஸிலும் ஓடும் வல்கனாக மாற்றும் டிஎக்ஸ்விகே போன்றவற்றைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு. எபிக், ஜிஓஜி கேம் கடைகளில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு ஹீரோயிக் லாஞ்சர் இருக்கிறது. உபுண்டுவின் ஆப் சென்டரில் முதலில் கண்ணில் படும் ஸ்டீம், ஸ்னாப் என்ற பேக்கேஜ் வடிவம். அதைத் தவிர்த்து ஸ்டீமின் தளத்தில் இருக்கும் டெப் ஃபைலைப் போடுங்கள் என்று 2024 ஜனவரியில் வால்வ் டெவலப்பர் ஒருவரே சொன்னார்.

பழைய கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்கள் கேம் திறக்கும்போதே மூடிக்கொள்வதைப் பார்த்துத் திகைப்பார்கள். டிஎக்ஸ்விகே 2.0, 2022 நவம்பரில் வந்தபோதே வல்கன் 1.3 கட்டாயம் என்று ஆகிவிட்டது. புரோட்டான் 8 முதல் அதே கதை. ஜிடி 710 போன்ற கெப்ளர் காலத்து என்விடியா கார்டுகளுக்கு டிரைவர் 470 வரிசையோடு நின்றுவிட்டது, அதில் வல்கன் 1.3 கிடையாது. அந்தக் கேமின் பிராப்பர்ட்டீஸ் போய் கம்பேட்டபிலிட்டியில் புரோட்டான் 7-ஐத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். கேம் ஓடுகிறது, நடுவில் வரும் வீடியோ மட்டும் டிவி ஸ்டேஷன் மாதிரி கலர் பட்டைகளாகத் தெரிகிறது என்றால் பிரச்சினை வீடியோ கோடெக்கில். புரோட்டானின் மாற்றுப் பதிப்பான ஜிஇ-புரோட்டானைப் போட்டால் பெரும்பாலும் தீரும்.

ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸும் லினக்ஸுமாக டூயல் பூட் வைத்திருப்பவர்கள், விண்டோஸ் பார்ட்டிஷனில் ஏற்கெனவே 80 ஜிபி கேம் கிடக்கிறதே, அதையே லினக்ஸ் ஸ்டீமுக்கும் காட்டலாமே என்று யோசிப்பார்கள். யோசனை நல்லதுதான், நடைமுறைக்கு உதவாது. புரோட்டான் தன் பிரீஃபிக்ஸில் முக்காற்புள்ளியோடு சேர்ந்த சி, இஸட் என்ற பெயர்களில் இணைப்புகளை உருவாக்கும். விண்டோஸோ பெயரில் முக்காற்புள்ளியையே ஏற்காது. போதாக்குறைக்கு விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் பார்ட்டிஷனைப் பாதி மூடிய நிலையில் விட்டுவிட்டால், லினக்ஸ் அதைப் படிக்க மட்டுமே திறக்கும். லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபைல் அமைப்பில் தனி இடம் ஒதுக்கிவிடுங்கள்.

கடைசியாக ஆன்டி-சீட். ஆன்லைன் கேம்களில் ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கும் இந்த மென்பொருள்தான் லினக்ஸில் எந்தக் கேம் ஓடும், எது ஓடாது என்பதை இன்று பெரும்பாலும் தீர்மானிக்கிறது. 2021 செப்டம்பரில் ஈஸி ஆன்டி-சீட்டும் பேட்டில்ஐயும் புரோட்டானுக்கு வழிவிட்டன. ஆனால் அந்தச் சுவிட்சைப் போட வேண்டியது கேம் தயாரித்த நிறுவனம். ஃபோர்ட்நைட்டுக்கு எபிக் அதைப் போடவில்லை. வேலரன்டின் ஆன்டி-சீட்டான வான்கார்டு விண்டோஸ் கர்னலுக்குள் உட்காருவது, வைனில் அந்தக் கர்னலே இல்லை. ஓடிக்கொண்டிருந்ததும் நிற்கலாம்: ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2024 அக்டோபர் 31-ஆம் தேதி லினக்ஸை வெளியே தள்ளியது. அதே வருடம் செப்டம்பரில் ஜிடிஏ ஆன்லைனுக்கு பேட்டில்ஐ வந்ததும் லினக்ஸில் ஆன்லைன் ஆட்டம் போயிற்று, கதை மட்டும் ஆடலாம். இதற்கெல்லாம் குறுக்கு வழி தேடினால் கணக்கே முடக்கப்படலாம். வாங்குவதற்கு முன், எந்தக் கேம் எப்படி ஓடுகிறது என்று பயனர்கள் எழுதும் புரோட்டான்டிபி தளத்தில் பாருங்கள். பிளாட்டினம், கோல்டு என்ற பதக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கார்டைத் தேய்க்காமல், கீழே இருக்கும் குறிப்புகளில் உங்களுடையது போன்ற கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர் சமீபத்தில் என்ன எழுதியிருக்கிறார் என்று படியுங்கள்.

அப்படியும் வாங்கி ஓடவில்லை என்றால், வாங்கிய 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குள் இருந்தால் ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். புரோட்டானை மாற்றி மாற்றிச் சோதிக்கும்போது கேம் திறந்திருக்கும் நேரமும் அந்த 2 மணியில்தான் ஏறும்.