மல்லாட்டை ஒவ்வாமையும் மாடித் தோட்டமும்

எங்கள் கடலூர்ப் பக்கத்தில் மல்லாட்டை என்று அழைக்கப்படும் நிலக்கடலை என் ஏழு வயது மகளுக்கு ஒவ்வாது என்று மருத்துவர் உறுதிசெய்த நாளிலேயே, செக்கு எண்ணெய் முதல் கடலை மிட்டாய் வரை அனைத்தையும் சமையலறையிலிருந்து அகற்றிவிட்டோம். ஆயினும் வாரத்திற்கு ஒரு முறையாவது அவள் கைகளிலும் கழுத்திலும் தடிப்புகள் எழுந்தன. மருத்துவரின் யோசனைப்படி, அவள் உண்டவற்றோடு தொட்டவற்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தேன்.

மூன்றாம் வாரத்தில் விடை கிடைத்தது. தடிப்பு வந்த நாள்களெல்லாம், மாடியிலுள்ள ரோஜாச் செடிகளுக்குக் கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றிய நாள்களாக இருந்தன; ஊற்றியவள் அவளே. ஒவ்வாமையைத் தூண்டுவது கடலையிலுள்ள புரதம்; எண்ணெய் பிழிந்த பின் அது பெரும்பாலும் சக்கையிலேயே தங்கிவிடுகிறது என்பதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. உரம் உணவல்ல என்ற நினைப்புதான் காரணம்.

புண்ணாக்கை நிறுத்தி மண்புழு உரத்திற்கு மாறினோம். கைகளைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவப் பழக்கினோம். கிருமிநாசினித் திரவம் இப்புரதத்தை நீக்காது. பிறகு குளியலறைப் பொருள்களையும் சோதித்தபோது, ஒரு சருமப் பூச்சின் உறையில் 'அராக்கிஸ் ஹைபோஜியா' என்றிருந்தது. அது நிலக்கடலையின் தாவரவியல் பெயர். பாதாமுக்குப் 'புரூனஸ்', எள்ளுக்குச் 'செசாமம்', கோதுமைக்கு 'ட்ரிட்டிகம்' எனத் தேட வேண்டும். பூதக்கண்ணாடி இல்லாமல் அந்த எழுத்துகளைப் படிப்பது கடினம். அப்பூச்சையும் விலக்கிய பின், இந்த நான்கு மாதங்களில் தடிப்பு எழவில்லை. ரோஜாக்கள் மட்டும் சற்றுக் குறைவாகப் பூக்கின்றன.