எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெஸ்க்டாப் அசெம்பிள் செய்ய உட்காருபவர்கள் ப்ராசஸரையும் கிராபிக்ஸ் கார்டையும் நாள்கணக்கில் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ரேம் எவ்வளவு வேகம், எஸ்எஸ்டி நொடிக்கு எவ்வளவு படிக்கும் என்பதெல்லாம் மனப்பாடமாக இருக்கும். கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் என்று வரும்போது மட்டும் "600 வாட் போதுமா?" என்று ஒரே கேள்வி. போதும் என்று யாராவது சொல்லிவிட்டால், 600 வாட் என்று எழுதியிருப்பதில் எது விலை குறைவோ அதை வாங்கிவிடுவார்கள். கேபினெட்டோடு சேர்ந்தே வருவதை அப்படியே வைத்துக்கொள்பவர்களும் உண்டு.

அந்தக் கேள்வியில்தான் முதல் தவறு இருக்கிறது. வாட் எண் தேவைதான். ஆனால் நல்ல எஸ்எம்பிஎஸ் எது, மோசமானது எது என்பதை அது சொல்லாது. சும்மா டைப் செய்துகொண்டிருக்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் ஓடும். சுமை திடீரென்று எகிறும்போது, வெளியிலிருந்து வரும் மின்சாரம் தடுமாறும்போது, உள்ளே ஏதாவது ஷார்ட் ஆகும்போது என்ன செய்கிறது என்பதில்தான் வித்தியாசம் தெரியும். கூடுதலாகக் கொடுக்கும் காசு அந்தச் சில நொடிகளுக்குத்தான்.

மொத்த வாட்டைப் பார்த்துவிட்டு 12 வோல்ட்டை விட்டுவிடுவது

எஸ்எம்பிஎஸ் ஏசி மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் டிசியாக மாற்றித் தருகிறது. இன்றைய கணினியில் ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் தங்களுக்கு வேண்டியதைக் கிட்டத்தட்ட முழுவதும் 12 வோல்ட்டிலிருந்துதான் எடுக்கின்றன. மற்ற இரண்டுக்கும் யூஎஸ்பி, எஸ்எஸ்டி போன்ற சில்லறை வேலைகள்தான். அதனால் பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்தில் இருக்கும் ஆம்பியரை 12-ஆல் பெருக்கிப் பாருங்கள். 45 ஆம்பியர் என்றால் 540 வாட். 550 வாட் என்று விற்கும் ஒன்றில் இப்படி இருந்தால் சரி. 500 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு 12 வோல்ட்டில் 25 ஆம்பியர்தான் என்றால், உங்களுக்குக் கிடைப்பது 300 வாட். மீதி 200 வாட்டை யாரும் கேட்காத 5, 3.3 வோல்ட் கணக்கில் காட்டியிருப்பார்கள். 12 வோல்ட்டையே இரண்டு மூன்று ரெயிலாக, அதாவது தனித்தனி வழிகளாகப் பிரித்திருந்தால் அவற்றைக் கூட்டிவிடக் கூடாது. கீழே மொத்தமாக ஒரு வாட் எண் இருக்கும், அதுதான் கணக்கு. 'பீக்' என்று எழுதியிருந்தால் அது தொடர்ந்து தரக்கூடிய அளவு அல்ல.

தேவையைத் தவறாகக் கணக்கிடுவது

இதில் இரண்டு பக்கமும் சறுக்குவார்கள். ஒரு பக்கம், டிடிபி (ப்ராசஸருக்கு நிறுவனம் குறிப்பிடும் வெப்ப அளவு) எண்ணை அப்படியே நம்புவது. 65 வாட் டிடிபி என்று விற்கப்படும் ஏஎம்5 ரைசன் ப்ராசஸர் 88 வாட் வரை எடுக்க அனுமதி உண்டு. இன்டெல்லின் கோர் ஐ9-14900கே-வில் அடிப்படை அளவு 125 வாட், டர்போவில் 253 வாட். அந்தப் பெரிய எண்ணைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு மாதிரிக்கு, ரைசன் 7 7800எக்ஸ்3டி உச்சத்தில் 162 வாட் வரை போகலாம். ஆர்டிஎக்ஸ் 4070 கார்டுக்கு 200 வாட். மதர்போர்டு, ரேம், டிரைவ், ஃபேன் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு 60. மொத்தம் 420 சொச்சம். இதற்கு தரமான 650 வாட் தாராளம், தரமான 550-லும் ஓட்டலாம். கிராபிக்ஸ் கார்டு நிறுவனம் பெட்டியில் போடும் 'பரிந்துரை' வாட் எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். உங்களிடம் எந்த ப்ராசஸர், எவ்வளவு தரமான எஸ்எம்பிஎஸ் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது அல்லவா.

மறு பக்கம், எதற்கும் இருக்கட்டும் என்று 1000 வாட் வாங்குவது. 1000 வாட் எஸ்எம்பிஎஸ் எப்போதும் 1000 வாட் இழுக்காது, கேட்டதைத்தான் தரும். அந்தப் பயம் வேண்டாம். ஆனால் ஓய்வில் 40, 50 வாட் மட்டும் எடுக்கும் கணினிக்கு அது 5 சதவீதச் சுமை. அந்த அடிமட்டத்தில் பெரும்பாலான எஸ்எம்பிஎஸ்களின் திறன், அதாவது மின்சாரத்தை வீணாக்காமல் மாற்றித் தரும் அளவு, நன்றாகவே இறங்கிவிடும். அதே காசில் தரமான 650 கிடைக்கும்போது சுமாரான 1000 எதற்கு? 'பாதிச் சுமையில் ஓட்டினால்தான் நல்லது' என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. பாதிச் சுமைக்கும் முழுச் சுமைக்கும் திறனில் வித்தியாசம் இரண்டு மூன்று சதவீதம்தான். சத்தமும் சூடும் குறையும் என்பதற்காக வேண்டுமானால் கொஞ்சம் பெரியதாக எடுக்கலாம்.

கோல்ட் என்றாலே தரம் என்று நினைப்பது

கோல்ட் என்பது 80 பிளஸ் என்ற சான்றில் ஒரு படி. அந்தச் சான்று 2004-இல் தொடங்கியது. அது அளப்பது ஒன்றே ஒன்று: உள்ளே போகும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் வெளியே வருகிறது. 115 வோல்ட் சோதனையில், பாதிச் சுமையில் பிரான்ஸ் (வெண்கலம்) 85 சதவீதம், கோல்ட் 90, பிளாட்டினம் 92, டைட்டானியம் 94 எட்ட வேண்டும். 12 வோல்ட் எவ்வளவு நிலையாக நிற்கிறது, ஷார்ட் ஆனால் உடனே அணைகிறதா என்பதெல்லாம் அந்தச் சான்றில் இல்லை. சோதனையும் 23 டிகிரி செல்சியஸ் அறையில் நடப்பது. உங்கள் கேபினெட்டுக்குள் அதைவிட எவ்வளவோ சூடு.

சேமிப்பையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 வாட் சுமைக்கு பிரான்ஸ் சுமார் 353 வாட் இழுத்தால் கோல்ட் 333 இழுக்கும். வித்தியாசம் 20 வாட். ஒரு யூனிட் மிச்சமாக 50 மணி நேரம் கேம் ஆட வேண்டும். மின்கட்டணத்துக்காக மட்டும் கோல்டுக்கு ஓடுவதில் அர்த்தம் குறைவு. அதே சமயம், கோல்ட் எட்டுவதற்கு நவீனமான உள்ளமைப்பு தேவைப்படுவதால் பெரும்பாலும் மற்ற விஷயங்களும் ஓரளவு நன்றாக அமைந்துவிடுகின்றன. பெரும்பாலும்தான், எப்போதும் அல்ல. 80 பிளஸ் போலவே தோன்றும் வேறு ஸ்டிக்கர்களும் உண்டு. சந்தேகம் வந்தால் அந்தச் சான்றின் தளத்தில் மாடல் பெயரைத் தேடிப் பார்த்துவிடலாம்.

பிராண்டைப் பார்த்து மாடலைப் பார்க்காமல் விடுவது

பல பிராண்டுகள் தாங்களாக எஸ்எம்பிஎஸ் செய்வதில்லை, வேறு நிறுவனங்களிடம் செய்து வாங்கித் தங்கள் பெயரைப் போடுகின்றன. ஒரே பிராண்டில் ஒரு வரிசை அருமையாகவும் இன்னொன்று சொதப்பலாகவும் இருப்பது சகஜம். ஒப்பிட வேண்டியது மாடலைத்தான்.

அதற்கு விமர்சனம் படிக்க வேண்டும், ஆனால் எல்லா விமர்சனமும் விமர்சனம் அல்ல. 'மாட்டினேன், கேம் ஓடியது, சத்தமில்லை' என்பது எஸ்எம்பிஎஸ் சோதனையே கிடையாது. லோடு டெஸ்டரில் முழுச் சுமை ஏற்றி, ஆசிலோஸ்கோப்பில் ரிப்பிளை, அதாவது வோல்ட்டில் வரும் சிறு அலையாட்டத்தை, அளந்திருக்கிறார்களா என்று பாருங்கள். டெஸ்க்டாப் எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் தரநிலையின் நீண்டகால விதிப்படி 12 வோல்ட் 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் நிற்க வேண்டும், அதன் மேல் ஆடும் ரிப்பிள் 120 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது. இது அதிகபட்ச எல்லை, நல்ல யூனிட்டுகள் இதில் பாதியைக்கூடத் தொடுவதில்லை. அதிக மின்னோட்டம், அதிக வோல்ட், ஷார்ட், அதிகச் சூடு ஆகியவற்றுக்கான பாதுகாப்புகளை அட்டையில் எழுதுவது சுலபம். அவை சரியான அளவில் வேலை செய்கின்றனவா என்று யாராவது ஷார்ட் செய்து பார்த்துச் சொன்னால்தான் தெரியும். சைபனெட்டிக்ஸ் போன்ற சோதனை அமைப்புகள் திறனோடு சத்தத்தையும் அளந்து விரிவான அறிக்கை வெளியிடுகின்றன. அதையெல்லாம் படிக்கப் பொறுமை இல்லையென்றால் வாரண்டியைப் பாருங்கள். 7, 10 வருடம் தருபவர் உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டர்களை நம்பித்தான் தருகிறார்.

திடீர் எகிறலை மறப்பது

200, 300 வாட் கார்டு என்றால் சராசரியாக அவ்வளவு என்று பொருள். ஒரு மில்லி நொடிக்கும் குறைவான நேரத்தில் அதைப் போல இரண்டு மடங்குக்குக்கூட அது எகிறலாம். பழைய அல்லது சுமாரான எஸ்எம்பிஎஸ் இதை ஆபத்து என்று எடுத்துக்கொண்டு அணைந்துவிடும். கேம் நடுவில் கணினி சட்டென்று செத்துவிடும், எந்த எர்ரரும் வராது. பாவம், பழி கிராபிக்ஸ் கார்டின் மேல் விழும். 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 இதற்காகவே, எஸ்எம்பிஎஸ் தன் அளவைப் போல இரண்டு மடங்கை 100 மைக்ரோ நொடி தாங்க வேண்டும் என்று விதித்தது. பெரிய கார்டு வாங்கும் எண்ணம் இருந்தால் ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 என்று பார்த்தே வாங்குங்கள்.

அதோடு வந்த 16 பின் கனெக்டர் 600 வாட் வரை தரும். ஆர்டிஎக்ஸ் 4090 வந்த புதிதில் சிலருக்கு அது உருகிப்போன செய்தி நினைவிருக்கலாம். பின்னர் வந்த 12வி-2×6 வடிவத்தில் இணைப்பைக் கண்டறியும் சிறிய பின்களைக் குட்டையாக்கினார்கள், சரியாகச் சொருகாவிட்டால் மின்சாரம் போகாமல் இருக்க. எந்த வடிவமானாலும் கடைசிவரை அழுத்திச் சொருகுங்கள், முனையை ஒட்டிக் கேபிளை மடக்காதீர்கள்.

கேபிளில் செய்யும் தவறுகள்

கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸின் பழைய கேபிளைப் புதியதில் மாட்டுவதுதான் இந்தக் கட்டுரையிலேயே மிக மோசமான தவறு. மதர்போர்டு பக்கத்து முனைக்குத் தரநிலை உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்குக் கிடையாது. சொருகினால் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் வர வேண்டிய கம்பியில் 12 வோல்ட் வந்து நிற்கும். ஸ்விட்ச் போட்ட நொடியில் ஹார்டு டிஸ்க்கும் எஸ்எஸ்டியும் போய்விடும், அதிலிருந்த படங்களோடு. ஒரே பிராண்டின் இரண்டு மாடல்களுக்கு இடையிலும் இது நடக்கும். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினால் கேபிள்களையும் சேர்த்து மாற்றுங்கள், மேஜைக்குப் பின்னால் கையை விட்டு அவிழ்க்கச் சோம்பலாக இருந்தாலும்.

கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் 8 பின் பிசிஐஇ கனெக்டர் ஒன்றுக்கு 150 வாட் கணக்கு. கார்டு இரண்டு கேட்டால், ஒரே கேபிளில் தொங்கும் இரண்டு தலைகளையும் மாட்டாமல் தனித்தனி கேபிள் போடுங்கள். டிரைவுகளுக்கான சாட்டா பவரிலிருந்து கிராபிக்ஸ் கார்டுக்கு மாற்றும் அடாப்டரைத் தொடவே வேண்டாம். சாட்டா முனை 12 வோல்ட்டில் 54 வாட்டுக்குத்தான், 6 பின் கேட்பது 75.

இடம், யூபிஎஸ், பழையது

சாதாரண ஏடிஎக்ஸ் பெட்டியின் அகலமும் உயரமும் 150, 86 மில்லிமீட்டர் என்று மாறாது, நீளம் மட்டும் 140-இலிருந்து 180 வரைகூடப் போகும். கேபினெட்டில் எவ்வளவு விட்டிருக்கிறார்கள் என்று அளந்துகொள்ளுங்கள். அலுவலகத்துக்கென்று விற்கப்படும் ரெடிமேட் கணினிகள் பலவற்றில் கனெக்டரே வேறு, சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. பின்னால் 115/230 என்று சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் அது ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்க வைக்கும் சுற்று) இல்லாத பழைய வடிவமைப்பு. 230 வோல்ட் வரும் இடத்தில் 115-இல் வைத்து ஆன் செய்தால் படாரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

யூபிஎஸ் வைத்திருப்பவர்கள் ஹோல்டு-அப் நேரம் என்ற வரியை விமர்சனத்தில் தேடுங்கள். மின்சாரம் நின்ற பின்னும் எஸ்எம்பிஎஸ் எத்தனை மில்லி நொடி தாக்குப்பிடிக்கும் என்பது அது. 16, 17 இருந்தால் யூபிஎஸ் மாறும் இடைவெளியைக் கடந்துவிடும். மலிவானவற்றில் கெபாசிட்டரைச் சிறிதாக்கி இதில்தான் மிச்சம் பிடிப்பார்கள். யூபிஎஸ் இருந்தும் கரண்ட் போனதும் கணினி ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் இது ஒரு காரணமாக இருக்கலாம். யூபிஎஸ் சைன் அலை தராமல் சதுர அலை தந்தாலும் சில ஆக்டிவ் பிஎஃப்சி யூனிட்டுகள் முரண்டு பிடிக்கும்.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸைப் புதிய கணினியில் போடும் முன், பேப்பர் கிளிப்பால் பச்சைக் கம்பியைக் கறுப்போடு இணைத்து ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பார்கள். சுற்றினால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம், சுமையில் எப்படி நடக்கும் என்பது தெரியாது. மென்பொருள் காட்டும் வோல்ட் எண்களையும் நம்ப முடியாது, மல்டிமீட்டர் வோல்ட்டைச் சரியாகக் காட்டினாலும் ரிப்பிளைக் காட்டாது. வாரண்டி முடிந்து பல வருடமான யூனிட்டை விலை உயர்ந்த கார்டோடு சேர்க்க எனக்கு மனம் வராது. கெபாசிட்டர் உப்பியிருக்கிறதா என்று மூடியைக் கழற்றிப் பார்க்கவும் வேண்டாம். பிளக்கை உருவிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 400 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம்.