துபாயிலிருந்து வீட்டு சர்வர்: நம்ம பக்கம் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

களியக்காவிளையைச் சுற்றி, இந்தப் பக்கம் மார்த்தாண்டம், அந்தப் பக்கம் பாறசாலை வரைக்கும் வீட்டுக்கு ஒருத்தராவது கல்ஃபில் இருப்பார். லீவுக்கு வரும்போது ஒரு பழைய கம்ப்யூட்டரிலோ நாஸ் பெட்டியிலோ (நெட்வொர்க்கில் மாட்டும் டிஸ்க் பெட்டி) ஜெல்லிஃபின் அல்லது பிளெக்ஸ் என்ற, வீட்டிலிருக்கும் வீடியோவை வேறு இடத்திலிருந்து பார்க்க உதவும் சாஃப்ட்வேரைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். கல்யாண வீடியோ, பிள்ளையின் ஞானஸ்நானம், டிவிடியிலிருந்து ஏற்றிய படங்கள் எல்லாவற்றையும் அங்கே ரூமில் படுத்துக்கொண்டு பார்க்க வேண்டும். வீட்டு வைஃபையில் எல்லாம் அருமையாக ஓடும். விமானம் ஏறிய பிறகுதான் எனக்கு போன் வரும்.

பாஸ்வேர்டை ஒழுங்காக வையுங்கள் என்பது மாதிரி விஷயங்களை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களே செய்கிற தவறுகள்தான் இவை.

பப்ளிக் ஐ.பி. இருக்கிறதா என்று பார்க்காமலே இறங்குவது

வெளியிலிருந்து உங்கள் வீட்டைக் கண்டுபிடிக்க, இணையத்தில் உங்களுக்கென்றே இருக்கும் முகவரிதான் பப்ளிக் ஐ.பி. அது இல்லாமல் ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டு (வெளியிலிருந்து வருவதை சர்வருக்கு அனுப்பும் விதி) செய்து, ஜெல்லிஃபினுக்கு 8096, பிளெக்ஸுக்கு 32400 என்று எல்லாம் சரியாகக் கொடுத்தும் வெளியிலிருந்து கிடைக்காது. ஒரு ராத்திரி முழுக்க ரூட்டரை ரீஸ்டார்ட் செய்துகொண்டே இருப்பார்கள். தொடங்கும் முன் செய்ய வேண்டியது ஒரு நிமிட வேலைதான். ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் 'வான் ஐ.பி.' என்று இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 'என் ஐ.பி. என்ன' என்று கூகுளில் தேடி வருவதோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்குப் பப்ளிக் ஐ.பி. உண்டு.

வான் ஐ.பி. 100.64-க்கும் 100.127-க்கும் நடுவில் தொடங்கினால், உங்கள் லைன் சி.ஜி.நாட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அதாவது ஒரே பப்ளிக் ஐ.பி.யைக் கம்பெனி பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. ஆசிய பசிபிக் பகுதிக்கான பழைய வகை ஐ.பி. முகவரிகள் 2011 ஏப்ரலிலேயே கிட்டத்தட்ட தீர்ந்துவிட்டன. இந்த 100.64 வரிசையை இப்படிப் பங்கிடுவதற்கென்றே 2012-ல் ஒதுக்கினார்கள். உங்கள் ரூட்டரில் என்ன திறந்தாலும், வெளியே கம்பெனியின் கருவி கனெக்ஷனைக் கீழே அனுப்பாது.

வான் ஐ.பி. 192.168 என்று தொடங்கினால் அது வேறு கதை. ஃபைபர்காரர் வைத்த ஓ.என்.டி. (ஃபைபர் வந்து முடியும் பெட்டி) ஒரு ரூட்டர், நீங்கள் வாங்கி மாட்டியது இன்னொரு ரூட்டர். ஓ.என்.டி.யை பிரிட்ஜ் மோடில், அதாவது ரூட்டர் வேலையை விட்டு லைனை மட்டும் கடத்தும்படி, மாற்றித் தரச் சொல்லுங்கள்.

டி.எம்.ஸெட். போட்டுவிட்டு மறந்துபோவது

இதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிற இடம்.

போர்ட் ஃபார்வர்டு வேலை செய்யவில்லை என்றதும் யாராவது ஒருத்தர் சொல்வார்: "டி.எம்.ஸெட்.ல போடு, எல்லாம் சரியாகும்." கேபிள் இழுக்க வந்த பையனும் சொல்வான், வீடியோவில் பேசுகிறவரும் சொல்வார். டி.எம்.ஸெட். என்றால், வெளியிலிருந்து எந்தக் கதவைத் தட்டி யார் வந்தாலும், தனியாக விதி எழுதாத அத்தனையையும் இந்த ஒரு மெஷினுக்கே அனுப்பு என்று ரூட்டருக்குச் சொல்வது. ஜெல்லிஃபினோடு நாஸின் அட்மின் பக்கம், எஸ்.எஸ்.ஹெச். (தூரத்திலிருந்து மெஷினுக்குள் நுழையும் வழி), அந்தப் பெட்டியில் ஓடுகிற மற்ற எல்லாமும் சேர்ந்து வெளியே தெரியும்.

ஆனால் சி.ஜி.நாட் லைனில் டி.எம்.ஸெட். போட்டால் ஒன்றுமே நடக்காது. அதுவும் சரிவரவில்லை என்று விட்டுவிடுவார்கள். எடுக்க மாட்டார்கள். பல மாதம் கழித்து கம்பெனிக்குப் போன் செய்து, வருஷத்துக்கு இவ்வளவு என்று கட்டி ஸ்டாட்டிக் ஐ.பி. (மாறாத பப்ளிக் ஐ.பி.) வாங்குவார்கள். மறுநாள் வெளியிலிருந்து படம் ஓடும். ஒரே கொண்டாட்டம். ரோடே இல்லாத வீட்டில் கதவு திறந்து கிடந்தபோது யாரும் வரவில்லை. ரோடு போட்ட அன்றைக்கே எல்லோரும் வந்துவிடுவார்கள்.

குழித்துறை பக்கம் ஒரு வீடு. மகன் ஷார்ஜாவில். ஸ்டாட்டிக் ஐ.பி. வந்த அன்று எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான்: "அண்ணே, கிடைச்சு! சும்மா பட்டுனு ஓடுது." நான் டி.எம்.ஸெட். எடுத்தாச்சா என்று கேட்டேன். லீவுக்கு வரும்போது பார்த்துக்கலாம் என்றான். மாதம் ஒன்றுகூட ஆகவில்லை, அவன் அம்மா கூப்பிட்டார்: "மக்களே, டிவியில ஒண்ணும் வரல்ல. அவன் அங்கேருந்து விளிச்சுட்டே இருக்கான், நீ கொஞ்சம் வந்து பாரு."

போய்ப் பார்த்தால் ஃபோல்டர்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. உள்ளே ஒவ்வொரு ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் தெரியாத ஒரு வால். எதுவும் திறக்காது. நடுவில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல்: இந்த முகவரிக்கு பிட்காயின் அனுப்பு. பேக்கப் எங்கே என்றால், அதே நாஸின் பின்னால் செருகிய யு.எஸ்.பி. டிஸ்க். அதிலும் அதே வால். கல்யாண வீடியோவின் ஒரிஜினல் ஸ்டுடியோவிலும் இல்லை; அவர்கள் எப்போதோ அழித்துவிட்டார்கள். கடைசியில் கிடைத்தது வாட்ஸ்ஆப்பில் யாருக்கோ அனுப்பிய, மங்கலான சில துண்டுகள்தான். அந்த அம்மாவுக்கு பிட்காயின் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியிருந்தது.

இது ஏதோ ஒரு வீட்டின் துரதிர்ஷ்டம் இல்லை. 2021 ஏப்ரலில் க்யூலாக்கர், 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்களை விட்டு, இணையத்தில் திறந்து கிடந்த க்யூநாப் கம்பெனி நாஸ்களைத் தேடித் தேடிப் பூட்டினார்கள். டெட்போல்ட் கேட்டது 0.03 பிட்காயின். போர்ட் ஃபார்வர்டையும், கருவிகள் தாமே போர்ட்டைத் திறந்துகொள்ள விடும் யு.பி.என்.பி.யையும் நிறுத்துங்கள் என்று அந்தக் கம்பெனியே அறிவித்தது. வேறு கம்பெனிப் பெட்டி என்றால் தப்பித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். குழித்துறையில் பார்த்தது வேறு கம்பெனிப் பெட்டிதான்.

ஆகவே ஸ்டாட்டிக் ஐ.பி.க்குப் பணம் கட்டும் முன் ரூட்டரைத் திறந்து டி.எம்.ஸெட்., பழைய போர்ட் ஃபார்வர்டு, யு.பி.என்.பி. மூன்றையும் துடைத்துவிடுங்கள். ஐ.பி. வந்ததும் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவிலிருந்து அந்த ஐ.பி.யைத் திறந்து பாருங்கள். நாஸின் லாகின் பக்கம் வந்தால் இன்னும் எங்கோ திறந்திருக்கிறது.

போர்ட் எண்ணை மாற்றினால் ஒளிந்துகொள்ளலாம் என்று நினைப்பது

முடியாது. ஷோடான் மாதிரித் தேடுபொறிகளின் வேலையே எங்கே என்ன திறந்திருக்கிறது என்று பார்ப்பதுதான்.

டெயில்ஸ்கேல் போட்டுவிட்டு ஆறு மாதத்தில் தொலைப்பது

வெளியிலிருந்து பார்க்கப் போவது நீங்களும் வீட்டாரும் மட்டும் என்றால் ஸ்டாட்டிக் ஐ.பி.யே வேண்டாம். உங்கள் கருவிகளை மட்டும் தனி நெட்வொர்க்காக இணைக்கும் டெயில்ஸ்கேல் போதும். உள்ளே ஓடுவது வயர்கார்டு என்ற வி.பி.என்., சி.ஜி.நாட்டுக்குப் பின்னாலிருந்தும் வேலை செய்யும், ரூட்டரில் ஒன்றையும் திறக்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு டிவிக்கும் ஆப் உண்டு.

ஆனால் ஒரு மெஷினின் சாவி 180 நாளில் காலாவதியாகும்படிதான் அது வரும். லீவு முடிந்து போய் ஆறு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை பார்த்து சர்வர் காணாமல் போகும். திரும்ப லாகின் செய்ய வீட்டில் ஆள் இருக்காது. அட்மின் பக்கத்தில் சர்வருக்கு மட்டும் 'கீ எக்ஸ்பைரி'யை நிறுத்திவிட்டு விமானம் ஏறுங்கள். இன்னொன்று: டெயில்ஸ்கேல் கொடுக்கிற ஐ.பி.யும் 100 என்றே தொடங்கும். அதைப் பார்த்துப் பப்ளிக் ஐ.பி. வந்துவிட்டது என்று எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்ப வேண்டாம்.

பிளெக்ஸ் இலவசம்தானே என்று இருப்பது

2025 ஏப்ரல் 29 முதல் வெளியிலிருந்து பார்க்கக் காசு.

ஓடுகிறதே என்று அப்டேட் செய்யாமல் விடுவது

லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்டு கம்பெனியில் 2022-ல் நடந்த பெரிய திருட்டின் ஒரு கட்டம், அங்கே வேலை பார்த்த ஒரு இன்ஜினியரின் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் நடந்தது. அதில் இருந்த பழைய பிளெக்ஸின் ஒரு ஓட்டை வழியாகத்தான் நுழைந்தார்கள். அந்த ஓட்டைக்கு 2020 மே மாதமே திருத்தம் வந்தாயிற்று, அவர் போடவில்லை. பாஸ்வேர்டுகளைக் காப்பதே தொழிலாக இருந்தவர் வீட்டுக் கதை இது.

டவுன்லோடு வேகத்தை மட்டும் பார்ப்பது

துபாயில் நீங்கள் பார்ப்பது வீட்டு லைனின் அப்லோடு வேகத்தில்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்று யோசிக்காதது

ஐப்பசி இடி மின்னலில் நம்ம பக்கம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கரண்ட் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் செட்டிங்ஸ்) 'ஏ.சி. பவர் லாஸ்' என்கிற இடத்தில் 'பவர் ஆன்' என்று வைத்தால் கரண்ட் வந்ததும் சர்வர் தானே எழும். யு.பி.எஸ். வாங்கினால் ஓ.என்.டி.யையும் ரூட்டரையும் அதிலேயே செருகுங்கள். சர்வர் மட்டும் முழித்திருந்து லைன் செத்துக் கிடந்தால் என்ன புண்ணியம்? பெட்டியின் பவர் பட்டன் மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டுப் போங்கள், அம்மாவிடம் போனில் "அந்தச் சிவப்பை ஒரு தடவை அமுக்குங்க" என்று சொன்னால் போதும்.