ஜிக் ஹெட்டுக்கு பவுடர் கோட்டிங்

தூண்டிலுக்கு ஈய ஜிக் ஹெட் (கொக்கியோடு சேர்த்து வார்த்த ஈயத்தலை) வீட்டிலேயே வார்ப்பவர்கள், வண்ணம் பூச நெயில் பாலிஷை விட்டு பவுடர் கோட்டிங்குக்கு (வண்ணப் பவுடரைச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் பூச்சு) மாறலாம். பாறையில் இடித்தாலும் அவ்வளவு சீக்கிரம் உதிராது.

அசிட்டோனில் துடைத்துப் பிசுக்கை எடுங்கள். கொக்கியை இடுக்கியால் பிடித்து, ஈயத்தலையை ஹீட் கன்னில் (சூடான காற்று ஊதும் கருவி) சில விநாடி காட்டி, பவுடரில் ஒரு முக்கு முக்கி உடனே எடுங்கள். பவுடரை முன்பே குலுக்கிப் பொலபொலவென்று வைத்திருக்க வேண்டும்; கெட்டிப்பட்டிருந்தால் திட்டுத்திட்டாக ஒட்டும். உருகிப் பளபளத்தால் சூடு சரி. மாவு மாதிரியே நின்றால் இன்னும் கொஞ்சம் காட்டுங்கள். அடியில் சொட்டுக் கட்டினால் சூடு அதிகம்.

தூண்டில் நரம்பு கட்டும் கண்ணில் (கொக்கியின் துளை) அடைத்த பவுடரை அப்போதே ஊசியால் குத்தி எடுத்துவிடுங்கள், வெந்தபின் கல்லாகிவிடும். பிறகு டோஸ்டர் அவனில் ஒன்றோடொன்று ஒட்டாமல் தொங்கவிட்டு, சுமார் 175 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம். பவுடர் டப்பாவில் வேறு கணக்கு இருந்தால் அதுவே சரி. ஈயம் 327 டிகிரியில்தான் உருகும், பயப்பட வேண்டாம்.

அந்த அவனில் அதன்பின் சமையல் கூடவே கூடாது, ஒரு ரொட்டித் துண்டுகூட! கையுறை, கதவு திறந்த இடம், முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவல். இங்கிலாந்தில் 28 கிராம் வரையிலான ஈயக்குண்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு 1987 முதல் தடை இருப்பதால், அங்குள்ளவர்கள் டங்ஸ்டன் வாங்கிக்கொள்ளுங்கள்.