மாஸ்டர் சிடி எழுதியபோது நான் திருத்திக்கொண்ட அமைப்புகள்

மதுரை தல்லாகுளத்தில் எங்கள் நையாண்டி மேளக் குழுவுக்காக நான் கணினியில் எழுதிய முதல் மாஸ்டர் சிடியை, அதாவது பிரதிகளுக்கு மூலமாகும் தட்டை, பிரதி எடுக்கும் நிறுவனம் திருப்பி அனுப்பிவிட்டது. இடைவிடாமல் ஓட வேண்டிய தவில் அடி, ஒவ்வொரு டிராக் மாறும்போதும் இரண்டு விநாடி மௌனத்தால் அறுபட்டிருந்தது. இரவெல்லாம் வாசித்த கலைஞர்களை நினைத்து மிகவும் வருந்தினேன்.

காரணம், நான் தேர்ந்தெடுத்திருந்த ‘டிராக் அட் ஒன்ஸ்’ முறை. அதில் ஒவ்வொரு டிராக்கின் முடிவிலும் லேசர் நின்று மீண்டும் தொடங்குவதால், இணைப்பிடங்களைப் பிரதி இயந்திரம் பிழையாகப் படிக்க நேரிடுகிறது. ‘டிஸ்க் அட் ஒன்ஸ்’ முறையிலோ தட்டு முழுவதும் ஒரே வீச்சில் எழுதப்பட்டு, மேலும் எதுவும் சேர்க்க முடியாதபடி அப்போதே மூடப்படுகிறது. ஆகவே அதற்கு மாறி, டிராக்குகளுக்கு இடையிலான இடைவெளியைப் பூஜ்யமாக்கினேன். முதல் டிராக்குக்கு முன்னுள்ள இரண்டு விநாடி மட்டும் விதிப்படி இருந்தே ஆக வேண்டும்.

48 கிலோஹெர்ட்ஸில் பதிவான ஒலியை, ஆடியோ சிடிக்கு உரிய 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் அளவில், ஒலி இழப்பில்லாத வேவ் கோப்புகளாக மாற்றினேன். எம்பி3 கோப்பிலிருந்து மாஸ்டர் எழுதுவதை நான் ஏற்கவே மாட்டேன், ஏனெனில் அதில் இழந்த ஒலி திரும்ப வராது. தட்டில் எழுதும் வேகத்தை 52 எக்ஸிலிருந்து (சிடி இயல்பாக ஒலிக்கும் வேகத்தின் 52 மடங்கு) 16 எக்ஸாகக் குறைத்தேன்.

இரண்டாவது தட்டு ஏற்கப்பட்டது.