தபாலில் வந்த கோழிக்குஞ்சுகள் துவண்டு கிடந்தபோது செய்தது

பொரிப்பகத்திலிருந்து தபாலில் வந்த பெட்டியைத் திறந்தால் பல குஞ்சுகள் தலையைத் தொங்கப்போட்டுக் கிடந்தன, சத்தமே குறைவு. பொரிவதற்குச் சற்று முன் குஞ்சு மஞ்சள்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது, அதை வைத்து ஏறக்குறைய 72 மணி நேரம் தீனி, தண்ணீர் இல்லாமல் தாங்கும், அதனால்தான் தபாலில் அனுப்பவே முடிகிறது. வழியில் தாமதமானால் அந்த இருப்பு தீர்ந்துவிடும்.

முதலில் தீனி இல்லை, தண்ணீர்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சர்க்கரை கலந்து, ஒவ்வொரு குஞ்சின் அலகு நுனியையும் அதில் தோய்த்துவிட்டேன் (மூக்குத் துளை முங்கக் கூடாது). ஒன்று குடித்தால் மற்றவை பார்த்துக் குடிக்கும் என்பார்கள், சரி, ஆனால் துவண்டு கிடப்பது எதைப் பார்க்கும்?

கூண்டை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தது கைகொடுத்தது. முதல் வாரம் குஞ்சு நிற்கும் உயரத்தில் 35 டிகிரி செல்சியஸ், அப்புறம் வாரத்துக்குச் சுமார் 3 டிகிரி குறைக்கலாம். தெர்மாமீட்டரைவிடக் குஞ்சுகளைத்தான் நம்புவேன்: விளக்கடியில் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம்.

மறுநாள் வேறு தொல்லை. சிலவற்றுக்கு எச்சம் காய்ந்து பின்பக்கத்தை அடைத்துவிட்டது, கவனிக்காவிட்டால் செத்துப்போகும். பிய்த்து இழுத்தால் தோலும் சேர்ந்து வரும். அதனால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்து, மெதுவாகத் துடைத்து, ஈரம் உலர்ந்த பிறகே கூண்டுக்குள் விட்டேன். தொப்புளில் ஒட்டியிருக்கும் பொருக்கு இந்த எச்சம் இல்லை, அதைத் தொடக் கூடாது. சர்க்கரையையும் நிறுத்தி வெறும் தண்ணீருக்கு மாறிவிட்டேன்.