குறுக்கெழுத்துப் புதிர்: முதல் கட்டத்திலிருந்து விளக்கம் வரை

காலையில் பேப்பர் வந்ததும் என் அத்தை தலைப்புச் செய்தியைப் பார்க்க மாட்டார். நேராகக் குறுக்கெழுத்து இருக்கும் பக்கத்துக்குப் போய்விடுவார். கொண்டையில் செருகிய பென்சில் கைக்கு வரும். விடையைக் கட்டத்தில் எழுதிவிட்டு, பக்கத்து ஓரத்தில் பொடி எழுத்தில் அது எப்படி வந்தது என்று ஒரு வரி குறித்து வைப்பார். பள்ளிக்கூடத்துப் பையனாக நான் பக்கத்தில் உட்கார்ந்து விடையைக் கத்தினால், "சரி, ஏன் அது?" என்பார். பதில் தெரியாவிட்டால் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். விடை சரியாக இருந்தாலும் எழுத விடமாட்டார்.

இந்தப் பாடத்தை அந்தக் கேள்விக்காகத்தான் எழுதுகிறேன். கட்டங்களை நிரப்பக் கற்றுக்கொள்வது முதல் பாதி. நிரப்பியதற்குக் காரணம் சொல்லக் கற்றுக்கொள்வது மறுபாதி, அதுதான் ருசியானதும்.

1. கட்டங்களைப் படியுங்கள்

பென்சில், அழிப்பான் இரண்டும் வேண்டும். பேனா வேண்டாம்.

1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட முதல் புதிர் வைர வடிவத்தில் இருந்தது. ஆங்கிலப் புதிரில் விடைகள் இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் மட்டுமே போகும். தமிழில் நான்கு திசை உண்டு: இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல். விடை தொடங்கும் கட்டத்தில்தான் எண் இருக்கும். வலமிருந்து இடம் போகும் விடைக்கு எண் வலது கோடியில் இருக்கும். புதிதாக வருபவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். அதனால் ஒவ்வொரு விடைக்கும் முன்னால் சின்னதாக ஓர் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது எழுத்துக் கணக்கு. உயிர்மெய்க்கு ஒரு கட்டம், புள்ளி வைத்த மெய்க்கும் ஒரு கட்டம். 'கொ' பார்வைக்கு மூன்று துண்டாக இருந்தாலும் ஒரே எழுத்து, ஒரே கட்டம். 'சிங்கம்' நான்கு கட்டம்: சி, ங், க, ம். குறிப்பின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண் இந்தக் கணக்குத்தான்.

2. சுலபமானதில் கை வையுங்கள்

ஒன்றாம் எண்ணிலிருந்து வரிசையாகப் போகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எல்லாக் குறிப்புகளையும் ஒருமுறை வேகமாக ஓட்டிப் பார்த்து, உடனே தெரிவதை எழுதுங்கள். பழமொழியில் விட்ட இடம் இருந்தால் அதுவே முதல் பலி: "அகத்தின் அழகு ____ தெரியும் (5)" என்றால் முகத்தில். அப்புறம் ஊர், ஆறு, கோயில், புராணப் பெயர்கள்.

ஒரே பொருளுக்குப் பல சொல் வரும் இடத்தில் அவசரப்படாதீர்கள். யானைக்கு வேழம், களிறு, கரி என்று வரிசையாக இருக்கிறது. நிலாவுக்கு மதி, திங்கள், அம்புலி. குறுக்கே ஓர் எழுத்தாவது கிடைக்கும் வரை இவற்றை ஓரத்தில் எழுதி வைத்துக் காத்திருங்கள். அகராதியைப் புரட்டலாமா என்று பலர் தயங்குகிறார்கள். தாராளமாகப் புரட்டுங்கள், அப்படித்தான் சொல் சேரும்.

குறிப்பின் இலக்கணத்தையும் கவனியுங்கள். குறிப்பு பன்மையில் இருந்தால் விடை பெரும்பாலும் 'கள்' என்று முடியும். "ஓடினான்" என்ற பொருளில் கேட்டால் கடைசிக் கட்டத்தில் 'ன்' வரலாம்.

3. நம் எழுத்தே துப்புத் தரும்

ஆங்கிலத்தில் 26 எழுத்து, நமக்கு 247. இது பயமுறுத்தும் கணக்கு மாதிரித் தெரிந்தாலும் நமக்குச் சாதகமானது. ஆங்கிலப் புதிரில் குறுக்கே ஓர் எழுத்து கிடைத்தால் மெய்யோ உயிரோ ஒன்றுதான் கைக்கு வரும். நமக்கு 'கூ' கிடைத்தால் மெய்யும் உயிரும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. ஓர் எழுத்திலேயே விடை பாதி திறந்துவிடும். ஆனால் 'கு'வும் 'கூ'வும் ஒத்துப்போகாது, 'ர'வும் 'ற'வும் ஒத்துப்போகாது. எழுத்துப் பிழையோடு எழுதிய ஒரு விடை அதைச் சுற்றியுள்ள நான்கு விடைகளைக் கெடுக்கும்.

எந்த எழுத்தையடுத்து எது வரலாம் என்று நன்னூல் வகுத்து வைத்திருக்கிறது. பள்ளியில் தேர்வுக்காக மனப்பாடம் செய்த அந்த விதிகள் குறுக்கெழுத்தில்தான் எனக்கு உயிரோடு கிடைத்தன.

க், ச், த், ப் இந்த நான்கும் தம் வரிசை எழுத்தோடு மட்டும்தான் சேரும். ஒரு கட்டத்தில் 'த்' இருந்தால் அடுத்தது த, தா, தி, தீ வரிசைதான். ங் வந்தால் அடுத்தது பெரும்பாலும் க வரிசை, ஞ் வந்தால் ச வரிசை, ந் வந்தால் த வரிசை. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய வரிசைகளில் தமிழ்ச்சொல் தொடங்காது. க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின மெய்களில் தமிழ்ச்சொல் முடியாது. பக்தி, சப்தம், ரயில், லட்டு, கேக் போன்ற வந்தேறிச் சொற்கள் இதற்கு விலக்கு.

"மதுரையில் புலவர்கள் கூடியது (4)" என்ற குறிப்புக்கு இரண்டாம் கட்டத்தில் ங் மட்டும் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் கட்டம் க வரிசை. பெயர்ச்சொல், அஃறிணை ஒருமை, ஆகவே கடைசியில் ம் வரலாம். '_ங்கம்' என்று எழுதிப் பாருங்கள், சங்கம் தானாக வந்து உட்காரும். விடை வலமிருந்து இடமாகப் போனால் இந்த விதிகளையும் அந்தத் திசையிலேயே ஓட்ட வேண்டும்.

4. குறிப்புக்குள் இருக்கும் விளையாட்டு

நேர்ப்பொருள் குறிப்புகளோடு, நம் பத்திரிகைப் புதிர்களில் "கலைந்துள்ளது", "திரும்பியிருக்கிறது", "கடைசி எழுத்து இல்லை" என்று சேர்த்துச் சொல்வதும் உண்டு. இன்னொரு வகை இருக்கிறது. அதில் குறிப்பே ஒரு சாதாரண வாக்கியம் போல நடிக்கும். ஆங்கிலத்தில் இந்த வகை 1920களில் இங்கிலாந்தில் வளர்ந்தது. ஆனால் சிலேடையும், முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றேயான மாலைமாற்றும், ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டை ஒளிக்கும் கரந்துறைச் செய்யுளும் பார்த்த மொழிக்கு இது ஒன்றும் அந்நியம் இல்லை.

அடிப்படை ஒன்றுதான். குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோ விடையின் நேர்ப்பொருள் இருக்கும். மீதி, அந்த விடையை எழுத்து எழுத்தாகக் கட்டும் வழி. இரண்டுக்கும் நடுவே எங்கே வெட்டுவது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. கீழே உள்ள குறிப்புகள் எல்லாம் எங்கள் வீட்டில் நாங்களே கட்டியவை.

ஒளிந்திருப்பது: "ராமதுரையின் உள்ளத்தில் பாண்டியர் தலைநகர் (3)". 'ராமதுரையின்' என்ற சொல்லையே உற்றுப் பாருங்கள். ரா, யின் இரண்டையும் ஒதுக்கினால் நடுவில் மதுரை. 'உள்ளத்தில்', 'வயிற்றில்', 'கொஞ்சம்', 'ஒளிந்த' போன்ற சொற்கள் இந்த வகைக்கு அடையாளம்.

திருப்புவது: "சிவனைக் கூப்பிட, திருப்பி வாசி (2)". வாசி என்ற சொல்லையே திருப்பினால் சிவா. 'வாசி' என்பதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு எதை வாசிப்பது என்று தேடினால் நாள் முழுக்கத் தேட வேண்டியதுதான்.

கலைப்பது: "தகவு குலைந்தால் வாசலில் நிற்பது (3)". தகவு என்றால் தகுதி, நேர்மை. அதன் மூன்று எழுத்தையும் குலைத்து அடுக்கினால் கதவு. குழம்பிய, உடைந்த, சிதறிய, மாறிய, தடுமாறிய என்று குலைவைக் காட்டும் எந்தச் சொல்லைப் பார்த்தாலும் பக்கத்தில் இருக்கும் சொல்லின் எழுத்துகளை எண்ணுங்கள். கட்டக் கணக்கோடு ஒத்துப்போனால் வட்டமாக எழுதிப் பாருங்கள். வரிசையாக எழுதினால் பழைய சொல்லே கண்ணை விட்டுப் போகாது.

வெட்டுவது: "தலை போன குதிரை, படம் இதில் ஓடும் (2)". குதிரையின் தலை 'கு'. போனால் மிச்சம் திரை.

சேர்ப்பது: "இரண்டு உறுப்புகள் சேர்ந்த இடத்தில் தண்ணீர் ஓடும் (4)". கால், வாய். கால்வாய் நான்கு எழுத்து. அதே உறுப்புகளை மாற்றிச் சேர்த்தாலும் தண்ணீர் ஓடத்தான் செய்யும், ஆனால் வாய்க்கால் என்று சந்தி எழுத்து நுழைந்து ஐந்து கட்டம் ஆகிவிடும். தமிழ்ப் புதிரில் சந்தியை மறந்தால் கணக்கு ஒன்று குறையலாம்.

பல பொருள்: "வானத்தில் ஒன்று, வாரத்தில் ஒன்று, ஆண்டில் பன்னிரண்டு (4)". இதில் கட்டும் வழி எதுவும் இல்லை, மூன்றுமே நேர்ப்பொருள். திங்கள். பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே வெண்பாவில் சிலேடை வைத்த காளமேகம் இப்போது இருந்தால் பத்திரிகைக்குப் புதிர்தான் கட்டிக்கொண்டிருப்பார் என்று அத்தை சொல்வார். நானும் அப்படித்தான் நம்புகிறேன்.

உள்ளே வைப்பதைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அத்தை எனக்காகவே எழுதிய குறிப்பு இது: "பாசத்துக்கு நடுவே யசோதையின் முகம், விருந்தில் இனிக்கும் (4)". விருந்தில் இனிக்கும் என்றதும் நான் 'பாயாசம்' என்று எழுதினேன். நான்கு கட்டமும் நிரம்பிவிட்டது. அத்தை வழக்கம்போல "ஏன் அது?" என்றார். பாசம் என்ற சொல்லைப் பிளந்து, யசோதையின் முதல் எழுத்தை நடுவில் வைத்தேன் என்று பெருமையாகச் சொன்னேன். "அவள் பெயர் யசோதையா, யாசோதையா?" என்று கேட்டார். அழிப்பானை எடுத்தேன். பாயசம். வீட்டில் நாம் நீட்டிச் சொல்வதும் எழுத வேண்டியதும் வேறு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. விளக்கம் கேட்டிருக்காவிட்டால் அந்த 'யா' அங்கேயே இருந்து, குறுக்கே வரும் விடையையும் வரவிடாமல் தடுத்திருக்கும்.

'பாசத்துக்கு' என்று குறிப்பில் இருந்தாலும் எடுத்துக்கொண்டது 'பாசம்' என்பதையும் கவனியுங்கள். வேற்றுமை உருபு ஒட்டிய சொல்லை இரண்டு விதமாகவும் பார்க்க வேண்டும்: ராமதுரையின் என்பதில் உருபோடு அப்படியே, பாசத்துக்கு என்பதில் உருபை உரித்துவிட்டு.

5. விளக்கம் எழுதுங்கள்

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். பழைய டைரி போதும். ஒவ்வொரு விடைக்கும் முதலில் குறிப்பை எழுதி, நேர்ப்பொருள் சொற்களுக்குக் கீழே கோடு போடுங்கள். அப்புறம் கட்டிய வழியைச் சுருக்கமாக. சேர்த்தால் கூட்டல் குறி: கால் + வாய். உள்ளே வைத்தால் அடைப்புக்குறி: பா(ய)சம். வெட்டினால் வெட்டிய எழுத்தை அடித்துவிட்டு மிச்சத்தை எழுதுங்கள். கலைத்தால் எழுத்துகளைத் தனித்தனியாக.

முக்கியமான சோதனை இதுதான்: குறிப்பில் இருக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வேலை சொல்ல முடிகிறதா? ஒரு சொல் சும்மா நின்றால் உங்கள் விடையைச் சந்தேகியுங்கள். விடை சரி, காரணம் மட்டும் புரியவில்லை என்றால் பக்கத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு மறுநாள் வரும் விடைகளோடு ஒத்துப் பாருங்கள். எனக்கு அந்தக் கேள்விக்குறிகளில்தான் புதுப்புது உத்திகள் பிடிபட்டன.

இன்னொருவருக்கு விளக்கும்போது விடையை முதலில் சொல்லிவிடாதீர்கள். அது அவருடைய சந்தோஷத்தை நாம் எடுத்துக்கொள்வது. முதலில் நேர்ப்பொருள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் காட்டுங்கள். அதிலும் வரவில்லையென்றால் எந்த உத்தி என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அதற்குள் அவரே கண்டுபிடித்துவிடுவார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பாருங்கள். காரணம் சொல்லும் வேலையையும் அவரிடமே விட்டுவிடுங்கள்.

ஒரே மூச்சில் முடிக்கவும் வேண்டாம். தட்டுப்பட்டால் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். குளிக்கும்போதோ பஸ்ஸிலோ விடை வரும்.

சரி, இப்போது பென்சிலை எடுங்கள். மூன்று குறிப்புகள் தருகிறேன், விடையை இங்கே எழுதப்போவதில்லை.

காசி லைப்ரரியில் இருக்கும் கல் உருவம் (2)

அழைத்து மது கொடுத்தால் ஏழு நாள் ஆகிவிடும் (3)

உடம்பில் ஒன்று, மேட்டூரில் ஒன்று, சேர்ந்தால் நிம்மதியாக உறங்கலாம் (4)

மூன்றுக்கும் விடையோடு விளக்கத்தையும் எழுதுங்கள். கடைசியில் இரண்டு சொற்களை இணைக்க ஒரு மெய் உள்ளே வந்திருக்கிறது. அதற்கும் கணக்குக் காட்டுங்கள்.